வலி ஏன் லேட்டாக வருகிறது? நரம்பில் ஓடுவது கரண்டா, வேறு ஏதாவதா?

கட்டைவிரல் (இழையைத் தொடங்கியவர்)

கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்ட எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். இடித்தது உடனே தெரிந்துவிடும். "போச்சுடா, இப்போ வலிக்கப் போகுது" என்று நினைக்கிற அளவுக்கு நேரம் கிடைக்கும். அப்புறம்தான் அந்த உயிர் போகிற வலி வந்து சேரும்.

நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். சுவிட்சைப் போட்ட உடனே விளக்கு எரிகிறது. ஒரு ஆள் உயரத்தைக் கடக்க மட்டும் எதற்கு இந்தத் தாமதம்? இன்னொன்று, ஒரே விரலிலிருந்து தொட்ட செய்தி முன்னாடியும் வலி பின்னாடியும் எப்படி வருகிறது? தேடினால் அம்புக்குறி போட்ட படங்களாக வந்து குவிகிறது, ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்கம்பி

மின்சாரம்தான், சந்தேகமே வேண்டாம். நரம்பில் நகர்வது அயனிகள். அயனி என்றால் மின்னூட்டம் உள்ள அணு. மின்னூட்டம் நகர்ந்தால் அதற்குப் பெயர் மின்னோட்டம். தாமதம் ஆவது மூளையில். செய்தி வந்து சேர்ந்துவிடும், "இது வலி" என்று மூளை முடிவெடுக்கத்தான் நேரம் பிடிக்கும். வயரில் தாமதம் ஆக வாய்ப்பே இல்லை.

ஈஎம்ஜி டெக்னீஷியன்

மின்கம்பி சார், தாமதம் வயரிலேயே இருக்கிறது. நரம்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கிற ஈஎம்ஜி டெஸ்டில் அதை அளப்பதுதான் என் வேலை. எப்படி என்று சொல்கிறேன், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதை மேட்டில் ஒரு எலக்ட்ரோடை ஒட்டுவோம். மணிக்கட்டின் நடுவில் ஒரு சின்ன மின்துடிப்பு கொடுப்போம். விரல் வெடுக்கென்று துள்ளும். துடிப்பு கொடுத்த நேரத்துக்கும் தசை பதில் சொன்ன நேரத்துக்கும் இடைவெளி, உதாரணத்துக்கு 3.5 மில்லிசெகண்ட். அடுத்து அதே நரம்பில் முழங்கை மடிப்பில் துடிப்பு கொடுப்போம். இப்போது 7.7 மில்லிசெகண்ட். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 4.2. முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு டேப்பை வைத்து அளந்தால் 24 சென்டிமீட்டர். 240ஐ 4.2ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 57 மீட்டர்.

இதில் மூளைக்கு வேலையே கிடையாது. துடிப்பு கொடுத்த இடமும் கை, பதில் வந்த இடமும் கை. செம்புக் கம்பியில் சிக்னல் ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் போகும். இங்கே நொடிக்கு 57 மீட்டர்தான் வருகிறது, அதுவும் நல்ல ஆரோக்கியமான நரம்பில்.

கை சில்லென்று இருந்தால் அந்த வேகமும் குறைந்துவிடும். ஒரு டிகிரி வெப்பம் குறைந்தால் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் போய்விடும். அதனால் கையைச் சூடாக்கிவிட்டுத்தான் டெஸ்டைத் தொடங்குவோம். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் நல்ல நரம்புக்கு "நோய்" என்று ரிப்போர்ட் போய்விடும்.

மின்கம்பி

எதற்கு இரண்டு இடத்தில்? மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை கொடுத்து, தூரத்தை நேரத்தால் வகுத்தால் போதாதா?

ஈஎம்ஜி டெக்னீஷியன்

போதாது சார். அந்த 3.5 மில்லிசெகண்டுக்குள் நரம்பில் ஓடிய நேரம் மட்டுமா இருக்கிறது? நரம்பின் நுனியிலிருந்து தசைக்குச் செய்தி கைமாறுகிற நேரம், தசை விழித்துக்கொள்கிற நேரம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. இரண்டு இடத்தில் அளந்து கழித்தால் பொதுவாக இருப்பது அடிபட்டுப் போய், நரம்பில் ஓடிய நேரம் மட்டும் மிஞ்சும்.

வெள்ளெலி

இந்தக் கழித்தல் வித்தைக்கு 170 வயதுக்கு மேல் ஆகிறது! 1850இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் காலில் செய்தது இதேதான். கெண்டைக்கால் தசையோடு சேர்த்து நரம்பை எடுத்து, தசைக்குப் பக்கத்தில் ஒரு தடவை, தள்ளி ஒரு தடவை துடிப்பு கொடுத்தார். தள்ளிக் கொடுத்தபோது தசை கொஞ்சம் தாமதமாகச் சுருங்கியது. அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டதில் நொடிக்கு 27 மீட்டர் வாக்கில் வந்தது.

அவருடைய ஆசிரியர் யோஹானஸ் முல்லர் அந்தக் காலத்தின் பெரிய உடலியங்கியல் மேதை. நரம்பின் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று எழுதி வைத்திருந்தார். மாணவர் ஒரு தவளைக் காலை வைத்துக்கொண்டு அளந்து காட்டிவிட்டார். மின்கம்பி சார் சொன்ன "வயரில் தாமதம் இல்லை" கட்சிதான் அதுவரை கிட்டத்தட்ட எல்லோரும்.

பயாலஜி டீச்சர்

கட்டைவிரல் தம்பி கேட்டதற்கு வருகிறேன். நாம் "ஒரு நரம்பு" என்று சொல்வது உண்மையில் ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த ஒரு கட்டு. ஒவ்வொரு இழையும் ஒரு நரம்பணுவின் நீண்ட வால், அதைத்தான் ஆக்ஸான் என்கிறோம். கால்விரலிலிருந்து கிளம்புகிற ஆக்ஸான் தண்டுவடம் வரைக்கும் ஒரே செல்லாக வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு மீட்டர் நீளம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிந்த, ஒரு மீட்டர் நீள செல்!

இந்த இழைகளில் தடியும் உண்டு, ஒல்லியும் உண்டு. தொடுதலைச் சொல்கிற தடித்த இழையில் செய்தி நொடிக்கு 50 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டரைக் கடக்க நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். "சுருக்" என்ற முதல் வலியைக் கொண்டுவருகிற மெல்லிய இழைகளில் 5 முதல் 30 மீட்டர். அப்புறம் கடைசி ரகம் ஒன்று, சி இழைகள். உறையே இல்லாத, ரொம்ப ஒல்லியான இழைகள். நொடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர். நாம் நடக்கிற வேகம்தான். அந்த மந்தமான, எரிச்சலான, ஆளைச் சுருட்டிப் போடுகிற வலி இதில்தான் வருகிறது. ஒரு மீட்டர் வர ஒரு நொடி. "இப்போ வலிக்கப் போகுது" என்று தம்பி நினைக்கிற அந்த இடைவெளியில் செய்தி தொடையில் எங்கேயோ வந்துகொண்டிருக்கும்.

விரல்நுனியில் இடித்தால் இடைவெளி குறைவாகவும், கால்விரலில் கூடுதலாகவும் தெரிவது இதனால்தான். தூரம் கூடினால் வேகமானவனுக்கும் மெதுவானவனுக்கும் நடுவே இடைவெளியும் கூடும்.

அரைகுறை

அப்போ ஒட்டகச்சிவிங்கிக்கு மறுநாள்தான் வலிக்குமா 😄

மின்கம்பி

சரி, அளந்து பார்த்தபின் மறுக்க முடியாது. ஆனால் காரணம்? அயனிகள் நகர்வது மின்னோட்டம்தானே, அது ஏன் இவ்வளவு மெதுவாகப் போக வேண்டும்?

பயாலஜி டீச்சர்

அயனிகள் விரலிலிருந்து தண்டுவடத்துக்கு ஓடி வருவதே இல்லை. படத்தில் நீளவாக்கில் அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள், எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

செல்லின் சவ்வுக்கு வெளியே சோடியம் நிறைய, உள்ளே கொஞ்சம். லிட்டருக்கு 145 மில்லிமோல் வெளியே, 12 வாக்கில் உள்ளே. பொட்டாசியம் இதற்கு நேர்மாறு, உள்ளே 140, வெளியே 4 அல்லது 5. சும்மா இருக்கும்போது சவ்வு பொட்டாசியத்தை மட்டும் லேசாகக் கசியவிடும். அதனால் உள்பக்கம் வெளியைவிட 70 மில்லிவோல்ட் எதிர்மறையாக இருக்கும்.

சவ்வு முழுக்க நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன, புரதத்தால் ஆனவை. மின்னழுத்தம் மாறினால் திறக்கும். ஏதோ காரணத்தால் உள்ளே இருக்கும் மைனஸ் 70, மைனஸ் 55 வாக்கில் வந்துவிட்டால் சோடியம் வாயில்கள் சடசடவென்று திறந்துவிடும். சோடியம் வெளியிலிருந்து உள்ளே குறுக்காகப் பாயும். உள்பக்கம் பிளஸ் 30 வரை ஏறிவிடும். அந்த வாயில்கள் தாமாகவே மூடிக்கொள்ளும், பொட்டாசியம் வாயில்கள் திறந்து பொட்டாசியம் வெளியே போகும், பழைய மைனஸ் 70 திரும்பிவிடும். ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் எல்லாம் முடிந்தது.

இது ஓர் இடத்தில் நடந்தால், பக்கத்து இடத்தின் மின்னழுத்தமும் கொஞ்சம் ஏறும். அங்கே இருக்கும் வாயில்கள் திறக்கும். அங்கே நடந்ததால் அதற்கு அடுத்த இடம். திரி எரிவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரியில் நெருப்பு நகர்கிறது, ஆனால் ஒவ்வோர் இடமும் தன்னிடம் இருக்கிற மருந்தைத்தான் எரிக்கிறது. நீங்கள் பெரிய தீப்பந்தத்தால் பற்ற வைத்தாலும் சின்னத் தீக்குச்சியால் பற்ற வைத்தாலும் மறுமுனைக்கு வருகிற நெருப்பு ஒன்றேதான். வித்தியாசம் என்னவென்றால், நரம்பு அடுத்த மில்லிசெகண்டிலேயே மறுபடி எரியத் தயாராகிவிடும்.

ஒவ்வோர் இடத்திலும் வாயில் திறந்து மூட வேண்டும். அதற்கு ஆகிற நேரம்தான் இந்தத் தாமதம் எல்லாம்.

மின்கம்பி

விளக்கம் நன்றாக இருக்கிறது மேடம், ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, ஒவ்வொரு தடவையும் சோடியம் உள்ளே வந்துகொண்டே இருந்தால் சீக்கிரம் உள்ளும் வெளியும் சமமாகிவிடாதா? பேட்டரி காலி.

இரண்டு, "பக்கத்து இடத்தின் மின்னழுத்தமும் கொஞ்சம் ஏறும்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அது எப்படி ஏறுகிறது? அங்கே மின்சாரம் இல்லாமல் வேறு என்ன?

வெள்ளெலி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: நீங்கள் சொல்வது சரி. இதற்காகவே 1937இல் ஆலன் ஹாட்ஜ்கின் ஒரு சோதனை செய்தார். தவளை நரம்பில் ஒரு சின்னப் பகுதியைக் குளிரவைத்து செய்தி தாண்டாதபடி செய்தார். துடிப்பு அந்த இடம் வரை வந்து செத்துப்போனது. ஆனால் அந்தத் தடைக்கு அப்பால் இருந்த பகுதியில் ஒரு சின்ன மின்னழுத்த ஏற்றம் தெரிந்தது, தூரம் போகப் போகத் தேய்ந்துபோனது. அந்த நேரத்தில் அந்தப் பகுதியைத் தூண்டுவதும் எளிதாக இருந்தது. அதாவது நீளவாக்கில் மின்னோட்டம் உண்மையிலேயே போகிறது. ஆனால் கொஞ்ச தூரம்தான், தேய்ந்துவிடும். தேய்வதற்குள் அடுத்த இடத்தின் வாயிலைத் திறந்துவிட்டால் செய்தி பிழைத்தது.

ஆகவே மின்கம்பி சாரும் சரி, டீச்சரும் சரி. அடுத்த இடத்தைத் தட்டி எழுப்புவது மின்சாரம், தேய்ந்ததை மறுபடி முழு உயரத்துக்குத் தூக்கிவிடுவது வாயில்கள்.

பேட்டரி விஷயம். இங்கேதான் நம் மனக்கணக்கு ஏமாற்றிவிடும். மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட் மாற்றுவதற்கு நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த அயனிகள் போதும், ஏனென்றால் மின்னூட்டம் எல்லாம் அந்த மெல்லிய சவ்வின் இரண்டு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கணவாய் என்ற கடல் உயிரினத்தின் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆக்ஸானில் ஒரு துடிப்புக்கு வெளியேறுகிற பொட்டாசியம், உள்ளே இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான். அயனிகளைத் திரும்ப அனுப்புகிற பம்பு நின்றுபோனாலும் அந்த ஆக்ஸான் ஆயிரக்கணக்கான துடிப்புகளைத் தாங்கும்.

ஆனால் இழை ஒல்லியாக ஆக ஆக உள்ளே இருக்கும் சரக்கும் குறைவு. அங்கே பம்பு அவசியம். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற புரதம் அது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள் மூலக்கூறு ஒன்று, செலவு. யென்ஸ் ஸ்கௌ 1957இல் நண்டின் நரம்பில் இதைக் கண்டுபிடித்தார், 1997இல் நோபல். உடல் எடையில் 2 சதவீதம் இருக்கிற மூளை, சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறதே, அதில் பெரிய பங்கு இந்த மாதிரி அயனிகளைத் திரும்ப அந்தந்த இடத்துக்கு அனுப்புவதற்குத்தான்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு கணக்கு: 70 மில்லிவோல்ட் என்பது அற்பமாகத் தெரியும். ஆனால் சவ்வின் தடிமன் 7 நானோமீட்டர் வாக்கில்தான். ஒன்றை ஒன்றால் வகுங்கள். மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்.

மின்கம்பி

மீட்டருக்கு ஒரு கோடி! காற்றே முப்பது லட்சத்தில் தீப்பொறி விட்டுவிடும். அந்தச் சவ்வுக்கு ஒரு கும்பிடு.

கணவாய் எங்கிருந்து வந்தது நடுவில்?

வெள்ளெலி

கணவாய் இல்லாவிட்டால் இந்த இழையில் பேசுவதில் பாதி நமக்குத் தெரிந்தே இருக்காது. ஆபத்து வந்தால் நீரைப் பீய்ச்சிக்கொண்டு பாய்வதற்காக அதற்குத் தடித்த ஆக்ஸான்கள் உண்டு, நம்முடையதைவிடப் பல பத்து மடங்கு தடிமன். உள்ளே எலக்ட்ரோடை நுழைத்து அளக்கலாம். ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939இல் அதைத்தான் செய்தார்கள். உள்ளே எதிர்மறையாக இருப்பது வெறுமனே பூஜ்யத்துக்கு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், பூஜ்யத்தைத் தாண்டி நேர்மறைக்கே போய்விட்டது. காரணம் என்ன என்று யோசிப்பதற்குள் போர் வந்துவிட்டது. திரும்பி வந்து 1952இல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். சோடியம் எப்போது எவ்வளவு, பொட்டாசியம் எப்போது எவ்வளவு என்று சமன்பாடுகளாக. கேம்பிரிட்ஜின் கணினி அந்தச் சமயத்தில் பல மாதங்கள் வேலை செய்யாமல் கிடந்ததால், ஹக்ஸ்லி கையால் சுற்றுகிற பிரன்ஸ்விகா கணக்குப் பொறியை வைத்தே துடிப்பின் வடிவத்தைக் கணக்கிட்டு எடுத்தார். ஆய்வகத்தில் பதிவானதும் கணக்கில் வந்ததும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. 1963இல் நோபல்.

எனக்குப் பிடித்த பகுதி என்னவென்றால், அப்போது வாயில் என்ற பொருளை யாரும் கண்டதே இல்லை. ஒற்றை வாயில் திறந்து மூடுவதை எர்வின் நேர், பெர்ட் சக்மன் இருவரும் 1970களில் பதிவு செய்யும் வரை அது காகிதத்தில் மட்டும்தான் இருந்தது.

அரைகுறை

நாம் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே? பி12 மாத்திரை போட்டால் நரம்பு வேகம் கூடும் என்றும் ஒரு ஃபார்வர்ட் வந்தது.

பயாலஜி டீச்சர்

முதலாவது கட்டுக்கதை. பத்து சதவீதம் போதும் என்றால் பாக்கி தொண்ணூறில் எங்கே பக்கவாதம் வந்தாலும் கவலைப்படாமல் இருக்கலாமே?

இரண்டாவதில் அரை உண்மை இருக்கிறது. பி12 பற்றாக்குறை இருந்தால் நரம்பின் உறை கெடும், அதைச் சரிசெய்தால் பலன் உண்டு. பற்றாக்குறை இல்லாதவர் டப்பா டப்பாவாக முழுங்கினாலும் 57 மீட்டர் 58 ஆகாது.

நெறியாளர்

மாத்திரை, டோஸ், "எனக்குக் கை மரத்துப் போகிறது என்ன சாப்பிடலாம்" வகைப் பதிவுகள் இந்த இழையில் வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கட்டைவிரல்

டீச்சர், "உறை" என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டீர்கள். அது என்ன என்று சொல்லவில்லையே.

பயாலஜி டீச்சர்

மயலின் உறை. கை கால் நரம்புகளில் ஷ்வான் செல் என்ற துணைச் செல், ஆக்ஸானைச் சுற்றிப் பல சுற்று தன்னையே சுற்றிக்கொள்ளும். கொழுப்பு நிறைந்த அடுக்குகள், அயனி கசியாது. நீளத்துக்கு ஒரே உறையாக இருக்காது, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு தடவை வாக்கில் மிகச் சின்ன இடைவெளி விடும். ரான்வியர் கணு என்று பெயர். சோடியம் வாயில்கள் எல்லாம் அந்தக் கணுவில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்.

இதன் பலனை மின்கம்பி சாரே சொல்லிவிடுவார் பாருங்கள்.

மின்கம்பி

புரிந்துவிட்டது! உறை போட்ட இடத்தில் கசிவும் குறைவு, கெப்பாசிட்டன்ஸும், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கிற திறனும், குறைவு. ஆகவே மின்னோட்டம் தேயாமல் விறுவிறுவென்று அடுத்த கணு வரை போய்விடும். கணுவில் மட்டும் வாயில் திறந்து மூடுகிற தாமதம். ஒரு மீட்டர் நரம்பில் ஒவ்வொரு புள்ளியிலும் நிற்காமல், ஆயிரம் இடத்தில் மட்டும் நின்றால் போதும். தொலைதூரக் கேபிளில் தேய்ந்த சிக்னலைத் தூக்கிவிட ரிப்பீட்டர் வைப்பதும் இதேதான்.

வெள்ளெலி

அதேதான். ஜப்பானில் தசாகி 1939இல் தவளையின் ஒற்றை இழையில் காட்டினார், ஹக்ஸ்லியும் ஸ்டாம்ப்ஃப்லியும் 1949இல் உறுதி செய்தார்கள்.

உறை எவ்வளவு இடத்தை மிச்சப்படுத்துகிறது என்பதற்கு ஒரு கணக்கு. உறை போட்ட இழையில் விட்டத்தை மைக்ரோமீட்டரில் எடுத்து ஆறால் பெருக்கினால் தோராயமாக வேகம் வந்துவிடும். 12 மைக்ரோமீட்டர் இழை, நொடிக்கு 72 மீட்டர். உறை இல்லாத கணவாய் ஆக்ஸானோ 500 மைக்ரோமீட்டர் தடித்தும் 25 மீட்டரைத் தாண்டத் திணறுகிறது. உறை இல்லாமல் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் விட்டம் நாலு மடங்காக வேண்டும். நம் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் பத்து லட்சத்துக்கு மேல் இழைகள் இருக்கின்றன, மொத்தத் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதையே கணவாய் மாதிரி இழைகளால் கட்டினால் ஒரு கண்ணுக்கு அரை மீட்டருக்கு அரை மீட்டர் தடிமனில் ஒரு தூண் வேண்டும். முகத்தில் வேறு எதற்கும் இடம் இருக்காது.

ஈஎம்ஜி டெக்னீஷியன்

உறை போனால் என்ன ஆகும் என்பது எங்கள் ஸ்கிரீனில் அப்பட்டமாகத் தெரியும். கீயான் பாரே நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே இந்த உறையைத் தாக்கும் வகை ஒன்று உண்டு. 57 வர வேண்டிய இடத்தில் 25, 30 என்று வரும். எல்லா இழையும் ஒரே நேரத்தில் வந்து சேராததால், கூர்மையாக எழும்ப வேண்டிய அலை, சிதறி மேடும் பள்ளமுமாக இழுத்துக்கொண்டு போகும். சில இழைகளில் செய்தி நடுவழியிலேயே நின்றுவிடும். ஆக்ஸான் அறுந்துபோகாமல் உறை மட்டும் போயிருந்தால் ஷ்வான் செல்கள் மறுபடி சுற்றிக்கொடுக்கும். பல மாதம் கழித்து அதே ஆள் நடந்து வந்து டெஸ்டுக்கு உட்கார்வதும் உண்டு.

கட்டைவிரல்

சரி, இப்போது ஒரு பெரிய சந்தேகம். எல்லாத் துடிப்பும் ஒரே மாதிரி என்கிறீர்கள். பெரிய தீப்பந்தமானாலும் சின்னத் தீக்குச்சியானாலும் ஒன்றே என்றால், லேசாகத் தட்டியதும் ஓங்கி அடித்ததும் மூளைக்கு எப்படித் தெரியும்? சூடா, குளிரா, வெளிச்சமா, சத்தமா என்று எப்படித் தெரியும்?

பயாலஜி டீச்சர்

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

அளவுக்குப் பதில்: எத்தனை தடவை என்பதுதான். எட்கர் ஏட்ரியன் 1926இல் ஒற்றை இழையில் பதிவு செய்து காட்டினார். தசையில் கூடுதல் எடை தொங்கவிட்டால் துடிப்பின் உயரம் மாறவில்லை, நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது கூடியது. 1932இல் அவருக்கு நோபல். ஓங்கி அடித்தால் துடிப்புகள் அடுக்கடுக்காக வரும், கூடவே கூடுதல் இழைகளும் கிளம்பும்.

என்ன ரகச் செய்தி என்பதற்குப் பதில்: எந்த இழையில் வந்தது என்பதுதான். துடிப்பில் "நான் வலி", "நான் வெளிச்சம்" என்று எதுவும் எழுதியிருக்காது. இப்போதே சோதித்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, விழியை மூக்குப் பக்கமாகத் திருப்பி, வெளி ஓரத்தை இமையின்மேல் விரலால் மிக மெதுவாக அழுத்துங்கள். ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். (கண்ணில் ஆபரேஷன் ஆனவர்கள், லென்ஸ் போட்டவர்கள் வேண்டாம்.) அங்கே ஒரு துளி ஒளி கிடையாது, இருந்தது அழுத்தம் மட்டும். ஆனால் அந்த இழையில் எது வந்தாலும் மூளைக்கு அது வெளிச்சம்தான். வேகத்தை அளக்க முடியாது என்று சொன்ன முல்லர் இருக்கிறாரே, இதை முதலில் ஒரு விதியாகச் சொன்னவரும் அவரேதான். ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டவர் இன்னொன்றில் சரியாகப் பிடித்திருக்கிறார்.

முழங்கையின் உள்பக்க எலும்பில் இடித்தால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை ஜிவ்வென்று ஓடுமே, அதுவும் இதேதான். இடித்தது முழங்கையில். ஆனால் அங்கே தோலுக்கு அடியில் போகிற நரம்பின் இழைகள் சுண்டுவிரலுக்குச் சொந்தமானவை. மூளை சுண்டுவிரலைத்தான் குற்றம் சொல்லும்.

மின்கம்பி

அப்படியானால் நடுவில் தட்டினால் துடிப்பு இரண்டு பக்கமும் போகுமா? வயர் என்றால் போக வேண்டும்.

ஈஎம்ஜி டெக்னீஷியன்

போகும் சார். டெஸ்டில் உணர்வு நரம்புக்கு மணிக்கட்டில் துடிப்பு கொடுத்து விரலில் பதிவு செய்வதே வழக்கம். உணர்வு நரம்பு இயற்கையில் விரலிலிருந்து மேலே போகிற நரம்பு, நாங்கள் தலைகீழாக ஓட்டுகிறோம். இயல்பில் ஒரு பக்கமாக மட்டும் போவதற்குக் காரணம், துடிப்பு தாண்டி வந்த இடத்தின் சோடியம் வாயில்கள் கொஞ்ச நேரத்துக்குத் திறக்காது. பின்னால் திரும்ப வழியில்லை. நடுவில் தொடங்கினால் இரண்டு பக்கமும் புதிய இடம், இரண்டு பக்கமும் போகும். ஆனால் நரம்பின் நுனியைத் தாண்டி அடுத்த செல்லுக்குப் போவது மட்டும் பெரும்பாலும் ஒருவழிதான்.

வெள்ளெலி

அந்த நுனியில்தான் அடுத்த சண்டை. இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில், சினாப்ஸில், 20 முதல் 40 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்டுவது மின்சாரமா, ரசாயனமா என்று ஒரு தலைமுறையே அடித்துக்கொண்டது.

1921இல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றில், இதயத்துக்கு வருகிற வேகஸ் என்ற நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அதைச் சுற்றி இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்துக்குக் கொடுத்தார். அதுவும் மெதுவானது! நரம்பு ஏதோ ஒரு பொருளை விட்டிருக்கிறது. அசிட்டைல்கோலின் என்று பின்னால் தெரிந்தது. இந்தச் சோதனை கனவில் வந்தது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார், நம்புவது உங்கள் இஷ்டம்.

மின்சாரக் கட்சியின் முக்கியத் தலைவர் ஜான் எக்ல்ஸ். 1951இல் தண்டுவடத்தின் ஒரு செல்லுக்குள்ளேயே எலக்ட்ரோடை நுழைத்துப் பார்த்தார். அடக்குகிற சினாப்ஸ் வேலை செய்யும்போது வந்த மாற்றம், தன் கட்சியின் கணிப்புக்கு நேர் எதிராக இருந்தது. மனுஷன் கட்சி மாறிவிட்டார். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லியோடு 1963 நோபலில் மூன்றாவது பெயர் அவருடையதுதான்.

முறை இதுதான்: துடிப்பு நுனிக்கு வந்ததும் கால்சியம் உள்ளே பாயும். சின்னச் சின்னப் பைகள் சவ்வோடு ஒட்டி உடைந்து ரசாயனத்தைக் கொட்டும். அது அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டு அங்கே வேறு வாயில்களைத் திறக்கும். சுமார் அரை மில்லிசெகண்ட். அசிட்டைல்கோலினை உடனே வெட்டிப்போட அங்கேயே ஒரு நொதி காத்திருக்கும், இல்லாவிட்டால் தசை இறுக்கிக்கொண்டு நின்றுவிடும். சில பூச்சிமருந்துகள் ஆளைக் கொல்வது அந்த நொதியை முடக்கித்தான். போட்யுலினம் நச்சு இதற்கு நேரெதிர், பைகள் உடையவே விடாது, தசை தளர்ந்துவிடும்.

மின்கம்பி சாருக்கு ஆறுதல் பரிசு: நேரடியாக மின்சாரம் தாண்டுகிற சினாப்ஸும் உண்டு. ஃபர்ஷ்பன், பாட்டர் இருவரும் 1959இல் நன்னீர் இறாலில் காட்டினார்கள். நம் மூளையிலும் இருக்கிறது, எண்ணிக்கையில் குறைவு.

மின்கம்பி

ஆறுதல் பரிசை ஏற்றுக்கொண்டேன். அப்படியானால் ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 நொடிக்குள் கிளம்பினால் ஃபவுல் என்கிறார்களே, அந்த 0.1க்கும் இதற்கும் கணக்கு இருக்கிறதா?

பயாலஜி டீச்சர்

இருக்கிறது. காதிலிருந்து மூளை, மூளையில் சில சினாப்ஸ்கள், அங்கிருந்து தண்டுவடம், பிறகு கால் தசை வரை ஒரு மீட்டர், கடைசியில் தசை இழுவிசை கொடுக்கிற நேரம். இதெல்லாம் சேர்ந்து அதற்குக் கீழே வர வாய்ப்பில்லை, வந்தால் ஆள் முன்கூட்டியே ஊகித்துவிட்டார் என்று விதி எடுத்துக்கொள்கிறது. அந்த எல்லையைப் பற்றிச் சர்ச்சையும் உண்டு, அதற்குத் தனி இழை போடுங்கள்.

மயக்கமருந்து

லேட்டாக வருகிறேன். மரத்துப்போகும் ஊசி பற்றி யாரும் சொல்லவில்லையே. பல் டாக்டர் போடுகிற லிக்னோகெய்ன் இந்த சோடியம் வாயிலில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதுவும் செல்லின் உள்பக்கத்திலிருந்து. வாயில் திறக்காது, துடிப்பு அந்த இடத்தோடு நின்றுவிடும். பல் அங்கே கத்திக்கொண்டுதான் இருக்கிறது, செய்தி மேலே போகவில்லை, அவ்வளவுதான்.

"வலிக்கலை, ஆனா இழுக்கிறது தெரியுது டாக்டர்" என்று பலர் பயந்துபோவார்கள். வலியைச் சொல்கிற மெல்லிய இழைகள் பெரும்பாலும் முதலில் அடங்கும், அழுத்தத்தைச் சொல்கிற தடித்த இழைகள் தாக்குப்பிடிக்கும். இது சகஜம். இன்னொன்று, சீழ் பிடித்த இடத்தில் ஊசி சரியாகப் பிடிக்காது. அங்கே திசு அமிலமாக இருக்கும், மருந்து மின்னூட்டம் ஏறிய வடிவத்துக்கு மாறிவிடும், அந்த வடிவத்தில் சவ்வைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம். உள்பக்கத்திலிருந்துதானே அடைக்க வேண்டும்?

விடிந்தால்பார்ப்போம்

முழு இழையும் படித்தேன். நோய் ஆலோசனை கேட்கவில்லை நெறியாளரே, பொதுவாகக் கேட்கிறேன். மணிக்கட்டில் கண்ணாடி வெட்டி நரம்பு அறுந்து தைத்திருக்கிறார்கள் என்றால், செய்தி உடனே போகத் தொடங்கிவிடுமா? வயரை முறுக்கி ஒட்டினால் உடனே கரண்ட் வருமே.

ஈஎம்ஜி டெக்னீஷியன்

வராது. வெட்டுப்பட்ட இடத்துக்கு அப்பால் இருக்கும் ஆக்ஸான் துண்டு, தாய் செல்லோடு தொடர்பு போனதும் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். சர்ஜன் தைப்பது வெளியே இருக்கும் குழாயை. ஆக்ஸான் மேலிருந்து புதிதாக அந்தக் குழாய்க்குள் வளர்ந்து இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வாக்கில். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி 18 சென்டிமீட்டர் என்றால் ஆறு மாதம், தொடக்கத்தில் கொஞ்ச நாள் சும்மா இருப்பதையும் சேர்த்தால் அதற்கு மேலேயே.

நடுவில் வளர்கிறதா என்று பார்க்க மெஷின்கூட வேண்டாம். நரம்பு போகிற வழியில் விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வருவார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் நுனியில் இன்னும் உறை ஏறியிருக்காது, தட்டினாலே துடிப்பு கிளம்பிவிடும். டீச்சர் சொன்ன முழங்கைக் கதைதான்: தட்டுவது உள்ளங்கையில், ஜிவ்வென்று தெரிவது விரலில். டினல் என்பவர் 1915இல் எழுதியது, இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். அந்த ஜிவ்வென்ற இடம் மாதத்துக்கு மூன்று சென்டிமீட்டர் வாக்கில் விரல் பக்கமாக நகர்ந்துகொண்டே போக வேண்டும். ஓரிடத்திலேயே நின்றுவிட்டால்தான் மறுபடி திறந்து பார்ப்பதைப் பற்றி சர்ஜன் யோசிப்பார்.